நாளுக்கு எத்தனை மைல்?

அமெரிக்காவைக் கரை விட்டுக் கரை ஆர்.வி. எனும் நடமாடும் வீட்டு வண்டியில் கடக்கலாம் என்று முடிவெடுத்த குடும்பம் முதலில் செய்கிற வேலை, கைப்பேசியில் வரைபடத்தைத் திறப்பது. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ என்று இரண்டு முனைகளைக் கொடுத்தால் சுமார் 2,900 மைல், நாற்பத்துச் சொச்சம் மணி நேரம் என்று வரும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் ஆறு நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு வார விடுப்பில் மீதி எட்டு நாளும் சுற்றிப் பார்க்கத்தான் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். காருக்கே கடுமையான இந்தக் கணக்கு ஆர்.வி.க்கு அடியோடு ஒத்துவராது. இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றே ஒன்றைத்தான். வரைபடத்தை மூடிவிட்டுக் காலண்டரை எடுங்கள். எந்த ஊரில் எத்தனை இரவு தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தூரம் அதற்கு அடங்கி நடக்கட்டும். ஓட்டுகிற நாளில் 250 மைல், அதாவது 400 கிலோமீட்டர், போதும். ஓட்டுகிற நாள்களுக்குக் குறையாமல் நிற்கிற நாள்களும் இருக்க வேண்டும். நாள் போதவில்லை என்றால் வெட்ட வேண்டியது தூரத்தைத்தான்.

ஏன் 250 மைல் என்பதற்கு வண்டியிலிருந்தே தொடங்கலாம். குடும்பங்களுக்கு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘கிளாஸ் சி’ வகை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை முன்புறம் துருத்திக்கொண்டிருக்கும். இவற்றில் பல ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. அந்தச் சட்டம் தாங்கக்கூடிய மொத்த எடை 14,500 பவுண்டு, ஆறரை டன். 25 முதல் 30 அடி நீளம், ஏறத்தாழ 12 அடி உயரம். பக்கக் காற்று அடித்தால் வண்டி தள்ளும். பெரிய லாரி கடந்து போனால் குலுங்கும். பிரேக் பிடித்தால் நிற்பதற்குக் காரைவிட அதிகத் தூரம் வேண்டும். வேக வரம்பு 75 மைல் என்று பலகை இருந்தாலும் 60, 65-க்கு மேல் போவது நல்லதில்லை. பெட்ரோல் போட, சாப்பிட, குழந்தைகளை இறக்கி ஏற்ற என்று நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் மணிக்குச் சராசரி 45 மைல் கிடைத்தாலே பெரிது. அப்படியென்றால் 250 மைலுக்கு ஐந்தரை மணி நேரம். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் மாலை மூன்று மணி. ஆர்.வி. வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ‘மூன்று-மூன்று-மூன்று’ விதியும் இதையொட்டியதே: நாளுக்கு 300 மைலுக்குள், பிற்பகல் மூன்று மணிக்குள், ஓரிடத்தில் மூன்று இரவு. வாடகை வண்டியை முதல்முறையாக ஓட்டும் குடும்பத்துக்கு முந்நூறிலும் ஐம்பதைக் குறைப்பது நல்லது.

பிற்பகல் மூன்று மணி என்பதற்குக் காரணம் இருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு நாலு மணிக்கு மேல் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். தெற்கு டகோட்டாவிலும் நெவாடாவிலும் அதை மறைக்க ஒரு மரம்கூடக் கிடைக்காது. முகாமில் போய்ச் சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. வண்டியைப் பின்னோக்கி ஓட்டி இடத்தில் நிறுத்த வேண்டும். பின் சக்கரத்துக்குப் பின்னால் பல அடி நீட்டிக்கொண்டிருப்பதால், திருப்பும்போது வால் பகுதி எதிர்ப்பக்கம் வீசும். மரத்திலும் மின்கம்பத்திலும் இடிப்பது பெரும்பாலும் அப்படித்தான். மட்டம் பார்க்க வேண்டும். சாய்ந்து நின்றால் எரிவாயுவில் ஓடும் பழைய வகைக் குளிர்பதனப் பெட்டி சரியாக வேலை செய்யாது. மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் மூன்றையும் இணைக்க வேண்டும். முதல் வாரத்தில் இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லாவற்றையும் கழற்றி, பாத்திரங்கள் உருளாதபடி அலமாரிகளைப் பூட்டி, குழந்தைகளையும் கிளப்ப அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஒவ்வொரு இரவும் வேறு ஊர் என்றால் இந்த வேலை அன்றாடம். ஓரிடத்தில் மூன்று இரவு என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை. 500 மைல் ஓட்டிவிட்டு இருட்டில் வந்து, டார்ச் அடித்துக்கொண்டு, பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் இதைச் செய்து பார்க்கும் தம்பதிகளுக்குள் அன்றிரவு நல்ல வார்த்தை வராது.

வரைபடம் சொல்லவே சொல்லாத இன்னொரு கணக்கு தண்ணீர். ஆர்.வி.யில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீர், குளித்த-கழுவிய தண்ணீர், கழிப்பறைக் கழிவு. நடுத்தர வாடகை வண்டியில் ஒவ்வொன்றும் 30, 40 கேலன்தான் கொள்ளும். ஷவரில் நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கேலன் விழும். ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளித்தால் 40 கேலன் போய்விடும். ஒரே காலையில் நல்ல தண்ணீர் தீர்ந்து கழிவுத் தொட்டி நிரம்பும். நம் வீட்டுச் சமையலில் அரிசி, பருப்பு களைவதும் எண்ணெய்ப் பாத்திரம் தேய்ப்பதும் இதோடு சேரும். ஆகவே இணைப்பு இல்லாத இடங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழிவைக் கொட்டும் ‘டம்ப் ஸ்டேஷன்’ தேடிப் போக வேண்டும். கோடையில் அங்கே வரிசை நிற்கும். மின்சாரமும் அப்படித்தான். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். தங்குகிற நாளில் தண்ணீர் ஒரு தொல்லையே இல்லை. மூன்று இணைப்பும் உள்ள ‘ஃபுல் ஹூக்கப்’ இடத்தில் நின்றுவிட்டால் வீட்டில் இருப்பதுபோலவே இருக்கும். நாலு நாள் ஓடிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்குத்தான் தொட்டியின் அளவுகோல் சிவப்பைக் காட்டும்.

பணக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. வண்டியின் நாள் வாடகை, நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான். ஓடும்போது கூடுவது இரண்டு: பெட்ரோலும், பல நிறுவனங்கள் வாங்கும் மைல் கட்டணமும். இந்த வகை வண்டி கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் கொடுக்கும். 3,000 மைலுக்கு ஏறத்தாழ 330 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால் 1,150 டாலருக்கு மேல். மைலுக்கு 40 சென்ட் கட்டணம் என்றால் அதிலே இன்னும் 1,200 டாலர். ஆகச் சக்கரம் உருளும் ஒவ்வொரு மைலுக்கும் முக்கால் டாலருக்கு மேல் போகிறது. 500 மைல் ஓட்டிய நாள் கிட்டத்தட்ட 400 டாலரை விழுங்கியிருக்கும், அதுவும் பெரும்பாலும் சோளக் காடுகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததற்கு. இதோடு, வண்டியை எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

சாலைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சாதாரண வரைபடச் செயலி உங்கள் வண்டியின் உயரத்தையும் நீளத்தையும் கேட்பதில்லை. அது காட்டும் குறுக்கு வழி உங்களுக்கு மூடப்பட்டதாக இருக்கலாம். மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் புகழ்பெற்ற ‘கோயிங்-டு-த-சன்’ மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. உங்கள் வண்டி இரண்டிலும் தோற்கும். தெற்கு டகோட்டாவின் நீடில்ஸ் நெடுஞ்சாலையில் பாறையைக் குடைந்த ஒரு வழியின் அகலம் எட்டடிதான். யூட்டாவின் சயான் பூங்காவில் 1930-இல் திறந்த சுரங்கப்பாதை அந்தக் காலத்துக் கார்களுக்காக வெட்டியது, பெரிய ஆர்.வி.க்கு அதில் கட்டுப்பாடு உண்டு, கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். எரிவாயு உருளை ஏந்திய வண்டிகளைப் பால்டிமோர் துறைமுகச் சுரங்கத்தில் விடமாட்டார்கள். நியூயார்க்கின் பார்க்வே சாலைகளில் பாலங்கள் மிகத் தாழ்வு. வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல உயர ரயில் பாலம் ஒன்று பல ஆண்டுகளாக லாரிகளின் கூரையைச் சீவிப் பெயர் வாங்கியது. 2019-இல் அதை எட்டு அங்குலம் உயர்த்தியும் முட்டுகிறவர்கள் முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வயோமிங்கில் பிக்ஹார்ன் மலையைக் கடக்க மூன்று நெடுஞ்சாலைகள் உண்டு. அவற்றில் 14-ஏ பத்து விழுக்காடு சரிவில் இறங்குவது. 16-ஆம் எண் சாலையே பெரிய வண்டிக்கு ஏற்றது. அதே மாநிலத்தில் ஐ-80 சாலையில், காற்று பலமாக இருக்கும் நாளில், உயரமாகவும் எடை குறைவாகவும் உள்ள வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். இந்தத் தடைகள் ஒவ்வொன்றும் சுற்றுவழி, அல்லது காத்திருப்பு. நாளுக்கு 250 மைல் திட்டத்தில் ஐம்பது மைல் சுற்று ஒரு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். 500 மைல் திட்டத்தில் முன்பதிவு செய்த இடத்தை அன்றிரவு தவறவிடுவீர்கள். வண்டியின் அளவுகளைக் கேட்டு வழிசொல்லும் ஜி.பி.எஸ். கருவிகள் ஆர்.வி.க்கென்றே விற்கின்றன. உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு 250 மைல் என்பதற்கு மறுப்புகள் உண்டு. இருவர் மாறி மாறி ஓட்டினால் அதிகத் தூரம் போகலாமே, குழந்தைகள் தூங்கும் இரவில் ஓட்டலாமே என்பது முதல் மறுப்பு. ஓட்டுநர் களைப்பு ஒரு பாதிதான். உட்கார்ந்திருப்பவர்கள் மாறுவதில்லை; ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் எட்டு மணி நேரம் எட்டு மணி நேரம்தான். ஓடும் வண்டியில் படுக்கையில் படுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைப்பது ஆபத்தான தவறு. எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். குழந்தை இருக்கையை முன்னோக்கிய இருக்கையில், பெல்ட்டோடு பொருத்த வேண்டும். பக்கவாட்டு சோபா அதற்கு ஆகாது. ஏழு பேர் படுக்கலாம் என்று விளம்பரம் செய்யும் வண்டியில் முன்னோக்கிய இருக்கைகள் நாலுதான் இருக்கலாம். ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எண்ண வேண்டியது இருக்கைகளை. படுக்கைகளைப் பிறகு எண்ணலாம். இரவு ஓட்டத்தைப் பொறுத்தவரை, நெவாடா, யூட்டா, வயோமிங் மாநிலங்களின் பல சாலைகளில் வேலியே இல்லை. மானும் மாடும் குறுக்கே வரும். ஆறரை டன் வண்டியால் சட்டென்று நிற்கவும் முடியாது, ஒடிக்கவும் முடியாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இவ்வளவு கட்டுப்பாடுகள் இருந்தால் ஒரு மினிவேன் எடுத்து, இரவுக்கு மோட்டலில் தங்கினால் என்ன? தினமும் ஓர் ஊர் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் அதுவே சரி. மினிவேன் வேகம், சிக்கனம், எந்தச் சாலையிலும் போகும். நான்கு பேருக்குள் இருக்கும் குடும்பத்துக்குச் செலவும் பெரும்பாலும் குறைவு. ஆர்.வி.யின் பயன் வேறு. ஓரிடத்தில் தங்கி, நம் சாப்பாட்டை நாமே சமைத்து, பெரியவர்கள் நினைத்தபோது படுத்து எழுந்து, குழந்தைகள் கதவைத் திறந்ததும் காட்டில் இறங்குவது. அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் நெடுஞ்சாலை ஓர உணவகங்களில் சைவம் என்று கேட்டால் கிடைப்பது வறுத்த உருளைக்கிழங்கும் சாலடும்தான் என்பது சைவக் குடும்பங்களுக்குச் சாதாரணக் காரணம் இல்லை. யெல்லோஸ்டோன் ஏரிக்கரை கடல் மட்டத்துக்கு 7,700 அடி மேலே. அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரமாகும். ஒரு பிரஷர் குக்கர் கையில் இருந்தால் அங்கேயும் சாம்பார் சாதம் உண்டு. இந்த வசதிகள் அத்தனையும் நிற்கும்போதுதான் கைக்கு வருகின்றன. நிற்க மனமில்லாதவர் ஆர்.வி.க்குக் கொடுக்கும் வாடகை வீண்.

விடுப்பே இரண்டு வாரம்தான் என்பவர்களுக்கு என் பதில் தயக்கமில்லாதது: கரை விட்டுக் கரை போகாதீர்கள். டென்வருக்கோ சால்ட் லேக் சிட்டிக்கோ லாஸ் வேகாஸுக்கோ விமானத்தில் போய் அங்கே வண்டி எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். சால்ட் லேக் சிட்டியிலிருந்து யெல்லோஸ்டோனின் மேற்கு வாயில் 320 மைல். லாஸ் வேகாஸிலிருந்து சயான் 160 மைல், அங்கிருந்து பிரைஸ் கேன்யன், சுரங்கப்பாதையில் உங்கள் வண்டியை விட்டால், நூறு மைலுக்குள். நாட்டின் நடுவில் உள்ள ஆயிரம் மைல் சமவெளியைச் சில மணி நேரத்தில் வானத்தில் கடந்துவிட்டு, மிச்சமான ஒரு வாரத்தை மலையில் செலவிடுகிறீர்கள். ஒரு வழிக் கட்டணமும் மிச்சம். கோடையில் லாஸ் வேகாஸ் வழி போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சில நிறுவனங்கள் வெயில் மாதங்களில் தங்கள் வண்டியை டெத் வேலிக்குள் கொண்டுபோக விடுவதில்லை.

இரண்டு சமுத்திரத்தையும் தொட வேண்டும், நாடு முழுவதையும் சக்கரத்தால் அளந்தோம் என்று சொல்ல வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1915-இலேயே ரோலண்ட் காங்க்ளின் என்பவர் நியூயார்க் லாங் ஐலண்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடும்பத்தோடு, வீடாக மாற்றிய ஒரு பெரிய பேருந்தில் கிளம்பினார். 1919-இல் அமெரிக்க ராணுவத்தின் வாகன அணி வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 3,250 மைல் போக 62 நாள் எடுத்தது. நாளுக்கு 52 மைல். அதில் போன ஐசன்ஹோவர்தான் பின்னாளில் அதிபராகி, 1956-இல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சாலைகள் வந்தபின் நாளுக்கு 600 மைல் ஓட முடிகிறது. முடிகிறது என்பதற்காக ஓட வேண்டியதில்லை. கரை விட்டுக் கரை போக ஒரு மாதம் ஒதுக்குங்கள். நியூஜெர்சியில் கிளம்பினால் சிகாகோவுக்கு நாலு நாள், அங்கே இரண்டு நாள் நில்லுங்கள். ஐ-90 வழியாகத் தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸுக்கு நாலு நாள். அங்கும் மவுண்ட் ரஷ்மோர் பக்கமுமாக நாலு நாள். யெல்லோஸ்டோனுக்கு இரண்டு நாள் ஓட்டம், பூங்காவில் நாலு நாள், கிராண்ட் டீட்டனில் மூன்று. சால்ட் லேக் சிட்டிக்கு ஒரு நாள், நெவாடாவைத் தாண்டி ரீனோவுக்கு இரண்டு, டாஹோ ஏரியில் மூன்று, சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒன்று. மொத்தம் ஏறத்தாழ 3,300 மைல். பதினான்கு நாள் ஓட்டம், பதினாறு நாள் தங்கல். பெற்றோர் இருவருக்கும் ஒரு மாத விடுப்பு கிடைக்காவிட்டால், ஒருவர் முதல் பாதியிலும் மற்றவர் யெல்லோஸ்டோனுக்கு முன்னால் ரேபிட் சிட்டி விமான நிலையத்திலும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் வண்டி ஓட்டப் பதிவுசெய்த இன்னொரு பெரியவர் முதல் பாதியில் கூட இருப்பது அவசியம்.

தங்கும் இரவுகளை முதலில் குறியுங்கள் என்று சொன்னதற்கு முன்பதிவுதான் கடைசிக் காரணம். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் மூன்று இணைப்பும் உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடி நடமாட்டத்தால் அங்கே கூடாரத்துக்கே இடமில்லை, கெட்டிச் சுவர் உள்ள வண்டிகள் மட்டும். கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் மேத்தர் முகாம் 30 அடி வண்டியோடு நின்றுவிடும், இணைப்பும் கிடையாது. பக்கத்திலிருக்கும் டிரெய்லர் வில்லேஜில்தான் உண்டு. அரசு முகாம்கள் பலவற்றுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கிறது, கோடை இடங்கள் திறந்த கையோடு தீர்ந்துவிடும். இலவச இடங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். மேற்கு மாநிலங்களில் நில மேலாண்மைத் துறையின் பொது நிலத்தில் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள் வரை பணமில்லாமல் தங்கலாம். வால்மார்ட் வளாகங்கள் சிலவற்றில் மேலாளரைக் கேட்டு ஓர் இரவு படுத்துக்கொள்ளலாம். மிசிசிப்பிக்குக் கிழக்கே அப்படிப்பட்ட பொது நிலம் மிகக் குறைவு. எங்குமே தண்ணீரும் மின்சாரமும் இல்லை. இடைவழி இரவு ஒன்றுக்கு அது போதும், கைக்குழந்தையும் பெரியவர்களும் உள்ள குடும்பம் தங்க ஆகாது. ஆகவே அடுத்த ஜூலைக்குத் திட்டமிடுகிறவர்கள் டிசம்பரிலேயே உட்காருங்கள். முதலில் பூங்கா முகாம்கள், பிறகு அவற்றின் தேதிகளுக்கு ஏற்ப வண்டி, அதன் பிறகு இடைவழி ஊர்கள் என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். முகாம் பதிவில் வண்டியின் நீளத்தைக் கேட்பார்கள். பம்பர் முதல் பம்பர் வரை உள்ள முழு நீளத்தையே கொடுங்கள்.